கந்தப்பனும் கட்டில் கிளப்பும்

முன்பணம் கட்டி உறுப்பினராகி, அதற்கப்புறம் கட்டில், சோபா, பீரோவெல்லாம் மலிவாக வாங்கலாம் என்கிறார்களே, அந்தக் கிளப்பில் சேரலாமா வேண்டாமா என்று என்னிடம் பல பேர் கேட்கிறார்கள். என்னிடம் கேட்பதில் நியாயம் இருக்கிறது. நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஆழ்துளைக் கிணற்றுக்குப் போர் போடும் ரிக் லாரியில் பைப் தூக்கும் கூலியாக ஏறினேன். இன்றைக்குப் புதுச்சத்திரத்துக்குப் பக்கத்தில், நெடுஞ்சாலையை ஒட்டி, என் சொந்த இடத்தில் என் சொந்த ரிக்குகள் நிற்கின்றன. எந்தப் படிப்பும் இல்லாமல் சத்தீஸ்கர் வரைக்கும் போய், வேறொருத்தன் கைவிட்ட பாறையில் தண்ணீர் எடுத்துக் காட்டியவன். டீசலோ பைப்போ எது வாங்கினாலும், காளியண்ணன் என்ன விலைக்கு வாங்கினார் என்று விசாரித்துவிட்டுத்தான் மற்ற ரிக்காரர்கள் வாங்குவார்கள்.

அப்படிப்பட்ட நான் இந்தக் கிளப் விஷயத்தில் மட்டும் சேர், சேராதே என்று வாய் திறந்து சொல்வதில்லை. கந்தப்பன் கதையைச் சொல்வேன். கேட்டுவிட்டு அவரவர் முடிவு செய்துகொள்ளட்டும்.

கந்தப்பன் என்னுடைய பைப் கிடங்கைப் பார்த்துக்கொள்கிறவன். எங்கள் சாதிதான், வேறு கூட்டம், அதாவது வேறு குலம். அதனால் எனக்கு மாப்பிள்ளை முறை ஆகவேண்டும். என்னை மாமா என்று கூப்பிடுவான். கிடங்குக்கு யார் வந்தாலும், லாரி கிளீனராக இருந்தாலும், முதலில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, தண்ணீர் கொடுத்து, சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டுத்தான் வந்த காரியத்தைக் கேட்பான். ஆளை வரவேற்பதில் அவனுக்கு அப்படி ஒரு ஆசை. ஆனால் அவன் வீட்டுக்கு மட்டும் யாரும் போகமாட்டார்கள்.

காரணம் அவன் கல்யாணம். ராசிபுரத்தில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்த தனப்பிரியாவை விரும்பிக் கட்டிக்கொண்டான். அந்தப் பெண் வேறு சாதி. பங்காளிகள் சண்டை போடவில்லை, அடிக்கவில்லை. ரோட்டில் பார்த்தால் பேசுவார்கள், சிரிப்பார்கள். ஆனால் அவன் வாசலில் கால் வைப்பதில்லை, அந்த வீட்டில் பச்சைத் தண்ணீர் குடிப்பதில்லை. கோயில் வரிகூட அவனிடம் வாங்குவதில்லை. அவர்களுக்கு ஒரு மகள் பிறந்து, வெண்ணிலா என்று பேர் வைத்து, அவள் பன்னிரண்டாவது போகும் வரைக்கும் இதே கதைதான். நான் போவேன், வருவேன், சாப்பிடுவேன். ஊர் ஊராகப் போய் யார் யார் கையிலோ சாப்பிட்டு உயிர் வளர்த்தவன், எனக்கு இதெல்லாம் ஒரு கணக்கே இல்லை.

புதிதாக வீடு கட்டினான் கந்தப்பன். கட்டி முடித்த சமயம் சேலத்தில் இருக்கும் அந்தக் கிளப்பிலிருந்து ஒரு போன். புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் சேர்ந்துதான் வரவேண்டும் என்றார்களாம். போனால் ஏசி போட்ட ஹால். குடிக்க ஜூஸ். ஒரு பெண் பெரிய திரையில் சோபாவைக் காட்டி, கடையில் இந்த விலை, எங்கள் உறுப்பினருக்கு இந்த விலை என்று சொல்லியிருக்கிறாள். இன்றைக்கே சேர்ந்தால்தான் உண்டு, வீட்டுக்குப் போய் யோசித்துவிட்டு வந்தால் இல்லை, கட்டிய பணம் திரும்ப வராது. எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு ஒரு அட்டையோடு வந்து நின்றான்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஏனப்பா, கடைக்குள்ள போறதுக்கே காசா? நம்ம டீக்கடைக்காரன் டீக்குத்தான வாங்கறான், பெஞ்சுல உக்கார்றதுக்குமா வாங்கறான்?"

"கம்பெனி வெலைக்கே குடுக்கறாங்களாமுங்க மாமா."

"கம்பெனி வெல இதுதான்னு கம்பெனிக்காரனா வந்து உன்ற காதுல சொன்னான்? இவிங்கதான சொல்றாங்க? இன்னைக்கே வாங்கு, நாளைக்கு வராதேங்கறவன்கிட்ட நான் ஒரு நட்டுக்கூட வாங்கமாட்டேன்."

"நீங்க வாங்கமாட்டீங்க மாமா. நாங்க சேந்துட்டமுங்களே" என்று சிரித்தான்.

சோபா வந்தது. நான் போய்ப் பார்த்தேன். பார்த்தேன் என்றால், கவிழ்த்துப் போட்டு, அடிக்கட்டையைத் தட்டி, தையலைப் பிரித்துப் பார்க்காத குறையாகப் பார்த்தேன். உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும், சாமான் சுத்தம். விலையும் சேலம் கடைவீதியைவிடக் குறைச்சல்தான். ஆனால் உறுப்பினர் பணம், லாரி வாடகை, வரி, பாகங்களைச் சேர்த்து மாட்டிக் கொடுக்கிற கூலி என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்த்தால், நான் கடையில் நின்று பேரம் பேசி வாங்கும் விலைக்கே வந்து நின்றது. ஒரு வீட்டுக்கு மட்டும் வாங்கினால் அதில் லாபம் இல்லை. நாலைந்து வீட்டுக்குச் சேர்த்து வாங்கினால் உண்டு.

அந்த நாலைந்து வீடு தானாகவே வந்தது. அதுதான் விசேஷம்.

கிளப்பின் விலையெல்லாம் உறுப்பினரின் போனில் மட்டும்தான் தெரியும். வேறு ஒருவருக்கு அனுப்ப முடியாது. ஆகவே பார்க்க வேண்டுமென்றால் கந்தப்பன் பக்கத்தில் உட்கார்ந்துதான் பார்க்க வேண்டும். முதலில் வந்தது தீனதயாளன். கந்தப்பனுடைய பெரியப்பா மகன், பங்காளிகளில் மூத்தவன். மகள் நித்யஸ்ரீக்குக் கல்யாணம் நிச்சயமாகி, சீருக்குக் கட்டில், பீரோ, சோபா, கண்ணாடி மேஜை எல்லாம் எடுக்க வேண்டியிருந்தது. நான் கந்தப்பன் வீட்டில் உட்கார்ந்திருந்தபோது வெளியே குரல் கேட்டது.

"கந்தா, ஊட்டுல இருக்கறயா?"

கந்தப்பன் எழுந்த வேகத்தில் போன் கீழே விழுந்தது. "வாங்கண்ணா, வாங்கண்ணா, உள்ள வாங்க."

தீனதயாளன் செருப்பைக் கழற்றிவிட்டு நிலைப்படிக்கு வெளியே கொஞ்சம் நின்றான். உள்ளே என்னைப் பார்த்தான். "மாமாவும் இங்கதான் இருக்கறீங்களா" என்று சொல்லிக்கொண்டே, அதையே ஒரு சாக்காக வைத்துக்கொண்டு உள்ளே வந்து, சோபாவின் நுனியில் உட்கார்ந்தான். தனப்பிரியா தண்ணீர் கொண்டுவந்தாள். வாங்கிக் கையில் வைத்திருந்து, பக்கத்தில் வைத்துவிட்டான்.

"இப்பத்தானம்மா குடிச்சுட்டு வந்தன்."

"பரவால்லீங்க மாமா" என்று அவள் உள்ளே போய்விட்டாள்.

அடுத்த முறை மனைவியையும் மகளையும் கூட்டிவந்தான். நித்யஸ்ரீ காலேஜ் முடித்த பெண். அவளுக்கு இந்த நெளிவு சுளிவெல்லாம் தெரியவில்லையோ, தெரிந்துதான் செய்தாளோ, நேராக அடுப்படிக்குள் போய், "சித்தி, எனக்குக் காபி போடுங்க, அப்பத்தான் டிசைன் புடிபடும்" என்றாள். அவள் அம்மா முகம் ஒரு மாதிரி ஆயிற்று. கந்தப்பன் போனைப் பிடித்தபடி அப்படியே நின்றான்.

அதற்கடுத்த தடவை தீனதயாளனே காபி குடித்தான்.

"ஏம் மாப்ளே, சக்கரை இருக்குது, காபியே தொடறதில்லீன்னயே. இது ரெண்டாவது டம்ளரு?" என்றேன்.

"கட்டல் வெலையக் கேட்டா சக்கரை எறங்கீருதுங்க மாமா" என்றான் அவன். எல்லோரும் சிரித்தோம். தனப்பிரியா அடுப்படியில் சிரித்ததும் கேட்டது.

தீனதயாளனைப் பார்த்து மற்ற பங்காளிகளும் வர ஆரம்பித்தார்கள். கோழிப்பண்ணை வைத்திருக்கும் ரமேஷ்குமார் வந்தான், கந்தப்பனுக்குத் தம்பி முறை. ஞாயிற்றுக்கிழமையானால் கந்தப்பன் வாசலில் வண்டிகள் நின்றன. கிடங்கில் ஒரு நாள் அவனிடம் கேட்டேன், ஊர்ச் சாமானுக்கெல்லாம் நீ எதுக்கப்பா அலைகிறாய் என்று. பைப்பை எண்ணிக்கொண்டிருந்தவன் நிமிராமலே சொன்னான்:

"நாளைக்கு வெண்ணிலாவுக்கு ஒரு காரியம்னா, மணவறைக்கு முன்னால நம்ம பக்கம் நாலு பேரு வந்து நிக்கோணுமில்லீங்க மாமா. காசு குடுத்து நிக்க வெக்க முடியுமுங்களா?"

அப்போதுதான் எனக்கு அந்த அட்டை எதற்கென்று புரிந்தது. அதற்கப்புறம் நான் அவனைக் கேலி செய்யவில்லை.

நித்யஸ்ரீயின் சீர்ச் சாமான், ஓமலூரில் மாப்பிள்ளை வீட்டுக்குப் போக வேண்டிய நாளுக்கு முந்தின நாள் கந்தப்பன் வீட்டில் வந்து இறங்கியது. எங்கள் பக்கத்தில் சீர் என்றால் கட்டிலையும் பீரோவையும் லாரியில் திறந்தபடி நிறுத்தி, மாலை போட்டு, ஊர் பார்க்கக் கொண்டுபோவார்கள். பார்க்கிறவன் கண்ணில் பட்டால்தான் சீர். ஆனால் கிளப்பிலிருந்து வந்தது எல்லாம் அட்டைப்பெட்டி. கட்டில் ஒரு பெட்டி, அதன் கால் ஒரு பெட்டி, பீரோ கதவு ஒரு பெட்டி. மாட்டிக் கொடுக்கிற ஆள் கூடவே வந்திருந்தான். உறுப்பினர் வீட்டு முகவரியில்தான் மாட்டுவேன், வேறு வீட்டுக்கு வர எனக்கு அனுமதி இல்லை என்று சொல்லிவிட்டான்.

கந்தப்பனுக்கு அதைக் கேட்டுத் தாங்க முடியாத சந்தோஷம். ஹாலில் இருந்த தன் சோபாவைத் தூக்கி வெளியே போட்டான். தனப்பிரியா தரையைக் கழுவிவிட்டு வாசலில் கோலம் போட்டாள். லாரி என்னுடையது, நானும் கூடவே போய் உட்கார்ந்திருந்தேன். தீனதயாளனும் ரமேஷ்குமாரும் ஆட்களோடு வந்தார்கள்.

"இப்பவே எல்லாத்தையும் மாட்டி வெச்சர்லாமுங்கண்ணா" என்றான் கந்தப்பன். "காலைல இங்கயே லாரில ஏத்தி, மாலையப் போட்டு, நேரா ஓமலூரு."

தீனதயாளன் ஹாலைப் பார்த்தான். கோலத்தைப் பார்த்தான்.

"இங்கிருந்தா?"

"மாட்டறது இங்கதான் மாட்டுவாங்களாமா."

"சீரு என்ற வாசல்ல இருந்து கெளம்போணும் கந்தா."

"இங்க மாட்டிப்போட்டு உங்க வாசலுக்குக் கொண்டுபோயி நிறுத்திட்டுப் போலாமுங்கண்ணா."

ரமேஷ்குமார் குறுக்கே வந்தான். "அதெப்படிங்கண்ணா? சீர்ச் சாமான் மொதல்ல எந்த ஊட்டுல நின்னுதுன்னு ஊர்ல கேப்பாங்கல்ல? மாப்பிள்ள ஊட்டுக்காரங்க காதுக்குப் போனா என்னாகறது?"

தனப்பிரியா கதவோரம் நின்றிருந்தாள். அவளுக்குக் கேட்காமல் பேசவேண்டும் என்றுகூட அவனுக்குத் தோன்றவில்லை.

நான் எழுந்தேன். இந்தச் சுற்று வட்டாரத்தில் என் பேச்சுக்கு மறுபேச்சு பேசியவன் கிடையாது. தண்ணீர்த் தகராறு, வரப்புத் தகராறு எத்தனையோ தீர்த்து வைத்திருக்கிறேன்.

"ஏம் மாப்ளே, இந்தக் கட்டலப் பாத்துப் பாத்து எடுத்தது இந்த ஊட்டுல உக்காந்துதான? காபியும் இங்கதான குடிச்ச? மனுசனுக்கு இல்லாத தீட்டு கட்டலுக்கு எங்கிருந்து வந்துது?"

தீனதயாளன் என்னை மரியாதையாகத்தான் பார்த்தான். "மாமா, காபி நாங் குடிக்கறது. சீரு ஊரு பாக்கறது. நீங்க ஊரூராப் போயி வாரவங்க. நாங்க இங்கயேதான் இருக்கோணும்."

"நாஞ் சொல்றன், இங்க மாட்டு. கேக்கறவன என்கிட்ட அனுப்பு."

"வேண்டாமுங்க மாமா." ஆட்கள் பக்கம் திரும்பினான். "பொட்டியோடவே ஏத்துங்கப்பா."

ஏற்றினார்கள். மாட்டும் வேலை வேண்டாம் என்று கையெழுத்துப் போடச் சொன்னான் அந்த ஆள். கந்தப்பன் போட்டான். ஹால் காலியாகக் கிடந்தது. வெளியே போட்ட சோபாவை உள்ளே எடுக்க நானும் ஒரு கை கொடுத்தேன்.

அன்று ராத்திரி தீனதயாளன் தேடியும் மாட்டத் தெரிந்த ஆள் கிடைக்கவில்லை. மறுநாள் ஓமலூரில் நடந்ததைச் சொல்ல எனக்கே சங்கடமாக இருக்கிறது. பழத்தட்டு, பித்தளைப் பாத்திரம் எல்லாம் வரிசையாக இறங்கின. அப்புறம் லாரி. மாலை போட்ட அட்டைப்பெட்டிகள். மாப்பிள்ளையின் அத்தை ஒருத்தி முன்னால் வந்து சுற்றிப் பார்த்தாள்.

"ஏனுங் சம்பந்தி, கட்டலு எங்கீங்க?"

"உள்ள இருக்குதுங்க."

"இருக்கும், இருக்கும். புள்ளையும் பையனும் பொட்டி மேலயே படுத்துக்குவாங்களாட்ட இருக்குது!"

கூட்டம் சிரித்தது. எனக்கு ரோஷம் வந்துவிட்டது. காட்டுக்குள் ஒரு மின்விளக்குகூட இல்லாத இடத்தில் போர்க்குழிக்குள் கேசிங் பைப்பை இணைத்து இறக்கியவன், இந்த நாலு ஸ்குரூவா பெரிது என்று, என் ரிக் பையன்களை வரச்சொல்லி நானே முன்னால் நின்று மாட்ட வைத்தேன். தாளில் படம் போட்டிருந்தது. படத்தைப் பார்த்துத்தான் செய்தோம். கட்டில் எழுந்து நின்றது, ஒரு பக்கம் சாய்ந்து. பீரோவில் கண்ணாடிக் கதவு தலைகீழாக ஏறிவிட்டது.

"இந்தப் பீரோவத் தொறக்கோணும்னா புள்ள தலகீழாத்தான் நிக்கோணுமுங்களா?" என்றார் மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர். அதற்கும் சிரிப்பு.

தீனதயாளன் அந்தச் சிரிப்பையெல்லாம் வாங்கிக்கொண்டு, அப்படியே கந்தப்பன் பக்கம் திரும்பினான்.

"உன்ற பேச்சக் கேட்டதுக்கு எனக்கு இதுவும் வேணும், இன்னமும் வேணும். கிளப்பாமா கிளப்பு! என்ற மானத்தக் கப்பலேத்திப்போட்டயே."

பெட்டியோடு ஏற்றச் சொன்னது நீதானே என்று நான் சொன்னேன். உரக்கத்தான் சொன்னேன். மேளச் சத்தத்தில் கேட்கவில்லையா, கேட்க விரும்பவில்லையா தெரியாது. ரமேஷ்குமாருக்குக் கேட்டிருக்க வேண்டும். அவன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டான்.

"தப்புத்தானுங்கண்ணா" என்றான் கந்தப்பன்.

அதோடு அவன் வாசலில் வண்டி நிற்பது நின்றுபோனது. யாரும் சண்டைக்கு வரவில்லை, யாரும் வராதே என்று சொல்லவில்லை. பழையபடி ரோட்டில் பார்த்தால் சிரிப்பு, அவ்வளவுதான். நித்யஸ்ரீ மட்டும் தாய்வீட்டுக்கு வந்த ஒரு சமயம் சித்தியைப் பார்க்க வருவதாகச் சொல்லியிருக்கிறாள். வரவில்லை. விட்டிருக்கமாட்டார்கள்.

ஆனால் கிளப்பை மட்டும் அவர்கள் விடவில்லை! ரமேஷ்குமார் போனில் கூப்பிடுவான். "அண்ணா, வெல மட்டும் சொல்லிருங்கண்ணா, நேரமில்லீங்க, கோழிக்கு மருந்து வெக்கோணும்" என்பான். கந்தப்பன் விலையைச் சொல்வான். ஆர்டர் போடுவான். சாமான் அவன் வீட்டுக்கு வரும், அங்கேயே மாட்டுவார்கள். சீர் இல்லாத சாமானாக இருந்தால் அந்த வீட்டில் மாட்டினாலும் பரவாயில்லையாம். எடுத்துப்போக ஒரு டெம்போ டிரைவரை அனுப்பிவிடுவார்கள். யாரோ ஒரு பையன், எங்கிருந்தோ வந்து டெம்போ ஓட்டுகிறவன், அந்தச் சோபாவில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து, காபியைக் குடித்துவிட்டு, இன்னொன்று கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுப் போவான்.

ஒரு தடவை நான் இருக்கும்போதே டெம்போ கிளம்பியது. தனப்பிரியா டம்ளரை எடுத்துக்கொண்டே சொன்னாள்: "இந்த ஊட்டுக்குக் கட்டலுதானுங்கப்பா வந்து வந்து போகுது."

என் காசையும் என் லாரியையும் பார்த்து எத்தனையோ பேர் என் வீட்டுக்கு வந்து உட்கார்கிறார்கள், சாப்பிடுகிறார்கள். அதில் பத்தில் ஒரு பங்கு அந்த வீட்டுக்கு வந்திருக்கக் கூடாதா? அந்த ஒரு நாள் என் பேச்சு எடுபட்டிருந்தால், அந்தக் கட்டில் அந்த ஹாலில் ஒரு ராத்திரி நின்று, காலையில் மாலையோடு வெளியே போயிருந்தால், அதற்கப்புறம் யார் அந்த வாசலை மிதிக்கக் கூசியிருப்பார்கள்? எத்தனையோ போர் போட்டு வறண்டுபோய்ப் பணம் போயிருக்கிறது எனக்கு. அதையெல்லாம் மறந்துவிட்டேன். இது மறக்கவில்லை.

உறுப்பினர் காலம் முடியப்போகிறது, மறுபடியும் பணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டும் என்று சேலத்திலிருந்து போன் வந்தது. விட்டுத் தொலை என்றேன். "ரமேசு தங்கச்சிக்கு மாப்பிள்ள பாக்கறாங்களாமுங்க மாமா. சீருன்னு வந்தா, வந்து உக்காந்து பாத்துத்தான ஆகோணும்?" என்றான். நானே காரில் கூட்டிப்போனேன். அந்த ஹாலுக்குள் நானும் போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஜூஸ் கொடுத்தார்கள். நான் தொடவில்லை.

அங்கே இருந்த பெண் நல்ல பெண், சிரித்த முகம். "சார், உங்களுக்கு ஒரு நல்ல செய்தி" என்று ஆரம்பித்தாள். "இப்ப ரூல்ஸ் எல்லாம் மாத்திட்டோம் சார். உங்க சொந்தக்காரங்க எத்தனை பேர் வேணும்னாலும் சேத்துக்கலாம். விலை அவங்கவங்க போன்லயே தெரியும். டெலிவரியும் அவங்க வீட்டுக்கே, மாட்டிக் கொடுக்கறதும் அவங்க வீட்லயே. நீங்க ஒண்ணும் அலைய வேண்டாம் சார்."

கந்தப்பன் பேனாவைக் கையில் வைத்திருந்தான்.

"எங்கூட்டுக்கு யாரும் வரவேண்டியதில்லீங்களா?" என்று கேட்டான்.

"வரவே வேண்டாம் சார்!"

பேனாவை மேஜைமேல் மெதுவாக வைத்தான். "யோசிச்சுச் சொல்றனுங்கம்மா" என்று எழுந்தான். இன்றைக்கே புதுப்பித்தால் இவ்வளவு தள்ளுபடி என்று அவள் பின்னாலேயே சொல்லிக்கொண்டு வந்தாள். அவன் அவளைக் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தான்.

காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டான்.

"அவங்கவங்க ஊட்டுலயே பாத்துக்கலாமாமுங்க மாமா."

"கேட்டனப்பா."

"எல்லாருத்துக்கும் நல்லதுதானுங்க" என்றான். "வண்டிய எடுங்க, போலாமுங்க. தனம் காபிக்குப் பால வாங்கி வெச்சிருப்பா. நீங்களாச்சும் வந்துட்டுப் போங்க."